ஸ்பானிய வினைச்சொல்லோடு ‘எனக்கு, உனக்கு, அவருக்கு’ சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழியில் ‘எனக்குக் கொடு’, ‘அவரிடம் சொல்ல விரும்புகிறேன்’, ‘அவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்’ போன்ற தொடர்களை அமைக்கும்போது, ‘எனக்கு’, ‘அவரிடம்’ என்பவற்றைக் குறிக்கும் சிறு சொற்கள் சில இடங்களில் வினைக்கு முன்னால் தனித்து நிற்கின்றன. சில இடங்களில் வினையின் இறுதியில் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகின்றன. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பிரதிப்பெயர் வேண்டும் என்பதை முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பிறகு அதை எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள். அந்த வரிசையில்தான் சிக்கல் தொடங்குகிறது. வினை எதைக் கேட்கிறது, அது எந்த வடிவத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால், பிரதிப்பெயரின் இடம், வரிசை, எழுத்து மாற்றம், அழுத்தக்குறி ஆகிய எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்துவிடும்.

இங்கே ஸ்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ஒட்டி எழுத வேண்டிய இடங்களை நடுவே சிறுகோடு இட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டுமே. ஸ்பானிய எழுத்தில் அது கிடையாது, சொல் முழுவதும் சேர்ந்தே வரும். இடைவெளி விட்டிருக்கும் இடங்களில் ஸ்பானியத்திலும் இடைவெளி உண்டு.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவது, ஆறு பிரதிப்பெயர்கள். மே (எனக்கு), தே (உனக்கு), லே (அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு, அதற்கு), நோஸ் (எங்களுக்கு, நமக்கு), ஓஸ் (உங்களுக்கு, பன்மை), லேஸ் (அவர்களுக்கு, அவற்றுக்கு). மரியாதையாக ஒருவரை விளிக்கும் ‘உஸ்தெத்’ என்பதற்கும் லேதான் வரும். அதன் பன்மைக்கு லேஸ். ஓஸ் என்பது ஸ்பெயினில் நெருக்கமான பலரிடம் பேசும்போது வருவது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் அந்த இடத்திலும் லேஸ் என்றே சொல்வார்கள். ஆகவே லத்தீன் அமெரிக்க வழக்கைக் கற்பவர் ஓஸ் என்பதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும்.

லே ஆண், பெண் வேறுபாடு காட்டாது. மாட்ரிட் உட்பட காஸ்தீயப் பகுதியின் சில இடங்களில் ‘அவளுக்கு’ என்னும் பொருளில் லா என்று சொல்வதைக் கேட்கலாம். ஸ்பானிய மொழி அகாதமி அதை ஏற்பதில்லை, கற்பவர் பின்பற்றவும் வேண்டாம்.

இரண்டாவது, நேர்ச் செயப்படுபொருளுக்குரிய லோ, லா, லோஸ், லாஸ் (அதை, அவனை, அவளை, அவற்றை, அவர்களை). ஐந்தாம் படியில் இவை தேவைப்படும்.

மூன்றாவது, ஒரு சொல்லில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்று காதால் கண்டுபிடிக்கும் பழக்கம். இது இல்லாமல் ஆறாம் படியை மனப்பாடமாகச் செய்ய முயல்பவர்கள் விரைவில் களைத்துப்போகிறார்கள். ஒவ்வொரு புதிய வினையையும் கற்கும்போதே அழுத்த அசையை உரக்கச் சொல்லிப் பழகிவிடுங்கள்.

2. வினை எதைக் கேட்கிறது என்று பாருங்கள்

தமிழில் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ இருப்பதால், நமக்கு இந்தப் பகுதி பிறமொழியாளர் பலரைவிட எளிது. கொடுப்பது (தார்), அனுப்புவது (மந்தார்), எழுதுவது (எஸ்க்ரிபீர்), கற்பிப்பது (என்சென்யார்), வாக்குறுதி தருவது (ப்ரொமெதேர்) ஆகியவற்றில் தமிழில் ‘கு’ வரும் இடத்தில் ஸ்பானியத்திலும் இந்தப் பிரதிப்பெயர்கள் வருகின்றன. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது மே குஸ்தா. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது மே துவேலே லா கபேசா. பிடித்த பொருளே எழுவாய், பிடித்தவர் ‘கு’ ஏற்றவர் என்னும் அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தமிழில் ‘பிடிக்கும்’ மாறாது, ஸ்பானியத்தில் பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும். ஆதலால் புத்தகங்கள் பிடிக்கும் என்றால் மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்.

இந்த எளிமையை நம்பி ‘கு’ வந்தால் லே, வராவிட்டால் லே இல்லை என்று முடிவு கட்டும்போதுதான் தமிழர்கள் வழுக்குகிறார்கள். ஐந்து வகை வினைகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் ‘இடம்’ வருபவை: அவரிடம் சொன்னேன் (லே திஹே), அவரிடம் கேட்டேன் (லே ப்ரெகுந்தே). இங்கே ‘இடம்’ என்பதற்கு ஈடாக ஒரு தனி இடைச்சொல்லைத் தேட வேண்டியதில்லை. லே மட்டும் போதும். ‘கேள்’ என்பதற்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்: விடை வேண்டிக் கேட்பது ப்ரெகுந்தார், பொருளோ உதவியோ வேண்டிக் கேட்பது பெதீர். இரண்டுக்குமே கேட்கப்படுபவர் லேதான்.

தமிழில் ‘இடமிருந்து’ வருபவை: அவரிடமிருந்து தொலைபேசியைத் திருடிவிட்டார்கள் என்பது லே ரொபாரோன் எல் தெலேஃபோனோ. பறிப்பது (கித்தார்) என்பதும் இப்படியே. கொடுக்கப்படுபவரும் பறிகொடுப்பவரும் ஒரே பிரதிப்பெயரைப் பெறுவது முதலில் விசித்திரமாகத் தோன்றும். செயலால் பாதிக்கப்படும் ஆளைக் குறிப்பது லே என்று கொண்டால் இரண்டும் ஒரே கூட்டில் அடங்கும். வாங்குவது (கொம்ப்ரார்) என்ற வினையில் லே என்பது ‘அவருக்காக வாங்கினேன்’, ‘அவரிடமிருந்து வாங்கினேன்’ ஆகிய இரு பொருளும் தரும், சூழல்தான் தெளிவுபடுத்தும்.

தமிழில் ‘ஐ’ வருபவை: அவனை அடித்தான் என்பது லே பெகோ, அவர் சொல்வதை நம்புகிறேன், அவரை நம்புகிறேன் என்பது லே க்ரேயோ. இரண்டாம் வேற்றுமையைக் கண்டு இங்கே லோ போடுவது மிகப் பரவலான பிழை.

தமிழில் ‘உடைய’ வருபவை: குழந்தையின் கைகளைக் கழுவிவிடுகிறேன் என்பதை ஸ்பானியத்தில் லே லாவோ லாஸ் மானோஸ் என்பார்கள், நேர்ப்பொருள் ‘அவனுக்குக் கைகளைக் கழுவுகிறேன்’ என்பதாகும். உடலுறுப்புகளைப் பற்றிப் பேசும்போது உடைமைச் சொல்லை விட்டுவிட்டு லே போடுவதே இயல்பான ஸ்பானியம்.

கடைசி வகை, தமிழில் ‘கு’ இருந்தும் ஸ்பானியத்தில் இல்லாதவை. எனக்குப் பசிக்கிறது என்பது தேங்கோ ஆம்ப்ரே. எனக்கு வேண்டும் என்பது கியேரோ. எனக்குத் தெரியும் என்பதிலும் மே வராது. அவருக்காகக் காத்திருக்கிறேன் என்பதில் காத்திருத்தல் (எஸ்பெரார்) நேர்ச் செயப்படுபொருளை ஏற்பதால் லோ எஸ்பேரோ என்றாகும். உதவுதல் (அயுதார்) என்ற வினை மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது: லோ, லே இரண்டும் வழக்கில் உண்டு, இரண்டும் ஏற்கப்பட்டவை, இடத்துக்கு இடம் மாறும்.

ஆகவே அகராதிக் குறிப்பேட்டில் வினையை மட்டும் எழுதாமல், ‘லே பெகார்’, ‘லே பெதீர்’ என்று பிரதிப்பெயரோடு சேர்த்து எழுதி வைப்பது நல்லது. ஸ்பானிய எழுத்தில் இப்படி வராது என்றாலும், குறிப்பேட்டில் இது உங்களைக் காப்பாற்றும்.

3. வினையின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

இதுதான் முழு வழிகாட்டியின் மையம். பிரதிப்பெயரை ஒட்டுவதா, தனியே முன்னால் வைப்பதா என்பதை வினையின் பொருள் தீர்மானிப்பதில்லை, வடிவம்தான் தீர்மானிக்கிறது.

ஆளையும் காலத்தையும் காட்டும் வினைமுற்றாக இருந்தால், பிரதிப்பெயர் அதற்கு முன்னால் தனியாக வரும். லே எஸ்க்ரிபோ (அவருக்கு எழுதுகிறேன்), நோஸ் திஹோ (எங்களிடம் சொன்னார்), தே மந்தாரே (உனக்கு அனுப்புவேன்). எதிர்மறைச் சொல்லான நோ இவ்விரண்டுக்கும் முன்னால் நிற்கும்: நோ லே எஸ்க்ரிபோ. பிரதிப்பெயருக்கும் வினைக்கும் நடுவே எதுவும் நுழையக் கூடாது. லே நோ எஸ்க்ரிபோ என்பது பிழை. இந்தச் சிறு சொற்களுக்குச் சொந்த அழுத்தம் இல்லாததால், தம்மைத் தாங்கும் வினையை விட்டு அவை விலகி நிற்க முடியாது.

மூன்று வடிவங்களில் மட்டுமே பிரதிப்பெயர் வினையின் இறுதியில் ஒட்டும்.

முதலாவது, ஆர், ஏர், ஈர் என முடியும் மூல வடிவம்: தார்-லே (அவருக்குக் கொடுக்க), தெசீர்-மே (என்னிடம் சொல்ல), எஸ்க்ரிபீர்-நோஸ் (எங்களுக்கு எழுத).

இரண்டாவது, ஆந்தோ, இயேந்தோ என முடியும் தொடர்வடிவம்: மந்தாந்தோ-லேஸ் (அவர்களுக்கு அனுப்பிக்கொண்டு), எஸ்க்ரிபியேந்தோ-தே (உனக்கு எழுதிக்கொண்டு).

மூன்றாவது, உடன்பாட்டு ஏவல்: தி-மே (என்னிடம் சொல்), தா-லே (அவருக்குக் கொடு), எஸ்க்ரிபே-நோஸ் (எங்களுக்கு எழுது). மரியாதை ஏவலிலும் இப்படியே: தீகா-மே (என்னிடம் சொல்லுங்கள்). ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்தவுடன் பலர் சொல்லும் சொல் இதுதான் என்பதால், ஒட்டு வடிவத்துக்கு இதைவிட நல்ல நினைவுக்குறி இல்லை.

உடன்பாடு என்ற சொல் இங்கே முக்கியம். எதிர்மறை ஏவலில் பிரதிப்பெயர் ஒட்டாது. நோவுக்கும் வினைக்கும் நடுவே தனியாக வரும். நோ மே திகாஸ் (என்னிடம் சொல்லாதே), நோ லே தேஸ் (அவருக்குக் கொடுக்காதே). எதிர்மறை ஏவல் உண்மையில் வேறொரு வினைமுற்று வடிவத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. ‘தி’ என்பது ‘திகாஸ்’ ஆவதிலேயே அது தெரியும். வினைமுற்று என்பதால் முதல் விதியே அதற்கும் பொருந்துகிறது. ‘சொல்லாதே’ என்பதைச் சொல்ல முனைபவர் நோ தி-மே என்று தொடங்குவது அன்றாடம் காணும் பிழை. அதில் வடிவமும் தவறு, இடமும் தவறு.

ஒட்டவே ஒட்டாத வடிவம் ஒன்று உண்டு. ஆதோ, ஈதோ என முடியும், ‘செய்த, சொன்ன’ போன்ற பொருள் தரும் முடிவுற்ற வடிவம் அது. திச்சோ போன்ற ஒழுங்கற்ற வடிவங்களும் இதில் அடங்கும். ‘அவரிடம் சொல்லியிருக்கிறேன்’ என்பது லே ஏ திச்சோ. துணைவினைக்கு முன்னால் லே. ஏ திச்சோ-லே என்றும் வராது, ஏ லே திச்சோ என்றும் வராது. துணைவினையே மூல வடிவத்தில் இருந்தால் மட்டும் அதனோடு ஒட்டும்: அபேர்-லே திச்சோ (அவரிடம் சொல்லியிருப்பது).

4. இரண்டு வினைகள் சேர்ந்து வரும்போது

விரும்புகிறேன், போகிறேன், முடியும், வேண்டும் போன்ற வினைகளை அடுத்து மூல வடிவம் வரும்போதும், எஸ்தோய் (இருக்கிறேன்) என்பதை அடுத்துத் தொடர்வடிவம் வரும்போதும் இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. கியேரோ தெசீர்-லே, லே கியேரோ தெசீர் ஆகிய இரண்டும் சரி. பொருளில் வேறுபாடு இல்லை. எஸ்தோய் எஸ்க்ரிபியேந்தோ-லே, லே எஸ்தோய் எஸ்க்ரிபியேந்தோ என்பவையும் அப்படியே. முன்னால் வைப்பது பேச்சில் அதிகம் கேட்கும். ஒட்டுவது எழுத்தில் அதிகம் காணப்படும்.

நடுவில் வைப்பது மட்டும் கிடையாது. கியேரோ லே தெசீர் என்னும் அமைப்பை ஸ்பானியக் காது ஏற்பதில்லை. பிற மொழி கற்றவர்கள், குறிப்பாகப் பிரெஞ்சு அறிந்தவர்கள், இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

முன்னால் நகர்த்தும் உரிமை எல்லா வினைகளுக்கும் இல்லை. அய் கே தெசீர்-லே (அவரிடம் சொல்லத்தான் வேண்டும்) என்பதில் லே முன்னால் போகாது. எஸ் இம்பொர்தாந்தே தெசீர்-லே (அவரிடம் சொல்வது முக்கியம்) என்பதிலும் அப்படியே. மே குஸ்தா எஸ்க்ரிபீர்-லே (அவருக்கு எழுதுவது எனக்குப் பிடிக்கும்) என்பதில் மே ஒரு வினைக்கும் லே மற்றொரு வினைக்கும் உரியவை. இரண்டையும் ஓரிடத்தில் குவிக்க முடியாது. எனவே தொடக்க நிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை: இரண்டு வினைகள் வரும்போதெல்லாம் ஒட்டியே எழுதுங்கள். அது எங்கும் பிழையாகாது. நகர்த்துவது காதில் பழகிய பிறகு தானாக வரும்.

5. ‘அவருக்கு அதை’: இரண்டு பிரதிப்பெயர்கள்

யாருக்கு என்பது முதலில், எதை என்பது பிறகு. மே லோ தா (எனக்கு அதைத் தருகிறார்), தே லா மாந்தோ (உனக்கு அதை அனுப்புகிறேன்). ஒட்டும்போதும் அதே வரிசை: தி-மே-லோ (என்னிடம் அதைச் சொல்), மந்தார்-தே-லா (உனக்கு அதை அனுப்ப). தமிழில் ‘அதை எனக்குக் கொடு’, ‘எனக்கு அதைக் கொடு’ என இரண்டு வரிசையும் இயல்பு என்பதால், ஸ்பானியத்தில் வரிசை இறுகிப்போயிருப்பது நமக்கு உறைக்கச் சிறிது காலம் பிடிக்கும்.

அடுத்தது, கற்பவர்களை மிகவும் அலைக்கழிக்கும் விதி. லே, லேஸ் இரண்டும் லோ, லா, லோஸ், லாஸ் என்பவற்றுக்கு முன் வரும்போது சே என்று மாறும். லே லோ தோய் என்று ஒருபோதும் வராது. சே லோ தோய் (அவருக்கு அதைத் தருகிறேன்) என்றே வரும். தெசீர்-சே-லோ, தா-சே-லா, மந்தாந்தோ-சே-லோஸ் ஆகியவை ஒட்டு வடிவங்கள். மே, தே, நோஸ், ஓஸ் ஆகியவை மாறுவதில்லை.

சே என்றானவுடன் அவருக்கா, அவர்களுக்கா, உங்களுக்கா என்பது மறைந்துவிடுகிறது. ஐயம் எழும் இடத்தில் ஆ எல் (அவருக்கு), ஆ எயோஸ் (அவர்களுக்கு), ஆ உஸ்தெத் (உங்களுக்கு) என்று பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். மெக்சிகோ உள்ளிட்ட பல நாடுகளின் பேச்சில், ஒரே செய்தியைப் பலரிடம் சொன்னதைக் குறிக்கச் சே லோஸ் திஹே என்று லோவைப் பன்மையாக்குவதைக் கேட்பீர்கள். மறைந்துபோன பன்மையை மீட்கும் பேச்சு வழக்கு அது. தேர்வுத்தாளில் சே லோ திஹே என்றே எழுதுங்கள்.

சே லே என்ற சேர்க்கையைக் கண்டு குழம்ப வேண்டாம். சே லே கயோ எல் லிப்ரோ (அவர் கையிலிருந்து புத்தகம் விழுந்துவிட்டது) என்பதில் சே என்பது லேயின் மாற்று வடிவம் அல்ல. விழுதல் என்னும் வினையோடு வரும் வேறொரு சே. சே மே ஒல்விதோ என்பதையும் இப்படிப் பாருங்கள். நம்முடைய ‘எனக்கு மறந்துபோயிற்று’ என்பதற்கு அது மிக நெருங்கி வருகிறது. இந்த வகைத் தொடர்களில் சே எப்போதும் முதலில் நிற்கும்.

இரண்டு பிரதிப்பெயர்களும் எப்போதும் சேர்ந்தே பயணிக்க வேண்டும். கியேரோ தெசீர்-சே-லோ, சே லோ கியேரோ தெசீர் இரண்டும் சரி. ஒன்றை முன்னால் வைத்து மற்றொன்றைப் பின்னால் ஒட்டும் லே கியேரோ தெசீர்-லோ என்பது பிழை.

6. அழுத்தக்குறி

ஒட்டி எழுதும்போது சில சொற்களில் உயிரெழுத்தின் மேல் தில்தே எனப்படும் சாய்கோடு இட வேண்டியிருக்கிறது. இதற்கெனத் தனி விதி எதுவும் இல்லை. பிரதிப்பெயர் ஒட்டினாலும் வினையின் அழுத்தம் முன்பிருந்த அசையிலேயே இருக்கும். ஆனால் சொல் நீண்டுவிட்டதால் அந்த அசை இறுதியிலிருந்து எண்ணும்போது பின்தள்ளப்படுகிறது. உயிரெழுத்திலோ, ன், ஸ் என்னும் ஒலிகளிலோ முடியும் சொல் இறுதிக்கு முந்தைய அசையில் அழுத்தம் பெற்றால் கோடு வேண்டாம். இறுதியிலிருந்து மூன்றாவது அசையிலோ அதற்கும் முன்போ அழுத்தம் விழுந்தால் கோடு கட்டாயம். எல்லாப் பிரதிப்பெயர்களும் உயிரிலோ ஸ் ஒலியிலோ முடிவதால், நீங்கள் செய்ய வேண்டியது அசைகளை எண்ணுவது மட்டுமே.

தெசீர் என்பதில் அழுத்தம் கடைசி அசையில். லே ஒட்டினால் தெ, சீர், லே: அழுத்த அசை கடைசிக்கு முந்தையது, கோடு வேண்டாம். லோவும் ஒட்டினால் தெ, சீர், சே, லோ: இப்போது அது இறுதியிலிருந்து மூன்றாவது, கோடு வேண்டும். மூல வடிவங்கள் பெரும்பாலும் இப்படித்தான்: ஒன்று ஒட்டினால் இல்லை, இரண்டு ஒட்டினால் உண்டு.

தொடர்வடிவத்தில் அழுத்தம் ஏற்கெனவே கடைசிக்கு முந்தைய அசையில் இருப்பதால், ஒன்று ஒட்டினாலே கோடு வேண்டும். எஸ், க்ரி, பியேன், தோ, லே என்று எண்ணிப் பாருங்கள். ‘பியேன்’ என்பதில் இ, எ ஆகிய இரண்டு உயிர்களும் சேர்ந்து ஓரசையாகின்றன; கோடு எகரத்தின் மேல் வர வேண்டும். இகரத்தின் மேல் இடுவது நான் திருத்தும் பயிற்சித்தாள்களில் மீண்டும் மீண்டும் காணும் பிழை.

ஏவலில் வினை எத்தனை அசை என்று பாருங்கள். தி, தா, போன் போன்ற ஓரசை ஏவல்களோடு ஒன்று ஒட்டினால் கோடு இல்லை (தி-மே, தா-லே). இரண்டு ஒட்டினால் உண்டு (தி-மே-லோ, தா-சே-லோ). ஆப்லா, எஸ்க்ரிபே, மாந்தா போன்ற நீண்ட ஏவல்களோடு ஒன்று ஒட்டினாலே கோடு வந்துவிடும் (ஆப்லா-மே, மாந்தா-லே).

அர்ஜென்டினாவில் ‘நீ’ என்னும் பொருளில் தூ என்பதற்குப் பதில் வோஸ் வழங்குவதால் ஏவலின் அழுத்தம் கடைசி அசைக்குப் போகிறது. ‘என்னிடம் சொல்’ என்பது அங்கே தெசீ-மே. கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழுவதால், தனியாக இருக்கும்போது இருந்த கோடு ஒட்டியதும் மறைகிறது. மரியாதை ஏவலான தே (கொடுங்கள்) என்பதும் தனியே நிற்கும்போது கோடு பெறும். தே-மே என்று ஒட்டினால் கோடு இல்லை. பழைய நூல்களில் இந்தச் சொல்லைக் கோட்டுடன் காணலாம். ஒட்டிய சொல்லும் பொது விதிக்கே கட்டுப்படும் என்று அகாதமி 1999ஆம் ஆண்டு எழுத்திலக்கணத்தில் வகுத்ததிலிருந்து அது விடப்பட்டது.

7. எழுத்து விழும் இடமும் இரட்டிக்கும் இடமும்

‘சொல்வோம்’ என்னும் பொருள் தரும் திகாமோஸ் என்பதோடு லே ஒட்டினால் எதுவும் விழாது: திகாமோஸ்-லே. சே ஒட்டும்போது மட்டும் இரண்டு ஸ் ஒலிகள் அடுத்தடுத்து வருவதால் ஒன்று விழுந்து திகாமோ-சே-லோ ஆகும். ‘கிளம்புவோம்’ என்னும் பாமோனோஸ் என்ற சொல்லில் ஸ் விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள் லேக்கு முன்பும் அதை விழ வைக்கிறார்கள், தேவையில்லை.

பன்மை ஏவல் ன் ஒலியில் முடிந்து நோஸ் ஒட்டும்போது இரண்டு ன் எழுத வேண்டும். தீகா-நோஸ் என்றால் ஒருவரிடம் ‘எங்களிடம் சொல்லுங்கள்’ என்கிறோம். தீகான்-நோஸ் என்றால் பலரிடம் சொல்கிறோம். ஒரே ஓர் எழுத்தில் கேட்பவரின் எண்ணிக்கையே மாறிவிடுகிறது.

8. பெயரைச் சொன்ன பிறகும் லே தேவை

‘மரியாவுக்குக் கடிதத்தை அனுப்பு’ என்பதை மாந்தா லா கார்த்தா ஆ மரியா என்று எழுதி நிறுத்துவது நம் இயல்பு. மரியா என்று பெயரே வந்துவிட்ட பிறகு லே எதற்கு என்று தோன்றும். ஆனால் ஸ்பானியர் மாந்தா-லே லா கார்த்தா ஆ மரியா என்றே பெரும்பாலும் சொல்வார்கள். வினை தன்னோடு ஒரு பெறுநர் உண்டு என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. பெயர் அதை விளக்குகிறது.

கொடுத்தல், சொல்லுதல் போன்ற வினைகளில் பெயர் பின்னால் வரும்போது லேயை விட்டால் பொறுத்துக்கொள்வார்கள். ஆ மி, ஆ எல் போன்ற அழுத்தப் பிரதிப்பெயர் வந்தால் விடவே முடியாது: ஆ மி மே திஹோ. பெறுநரின் பெயரைத் தொடரின் முன்னால் கொண்டுவந்தாலும் விட முடியாது: ஆ பெத்ரோ லே திஹே. குஸ்தார் வகை வினைகளிலும் லே இன்றியமையாதது. எல்லா இடங்களிலும் லே சேர்த்தே எழுதுபவர் அரிதாகவே தவறுவார். ஆகையால் தயங்கினால் சேர்த்துவிடுங்கள். பெறுநர் பன்மையானால் லேஸ் என்று மாற்ற மறக்காதீர்கள். பேச்சில் பலர் லே என்றே விட்டுவிடுவார்கள் என்றாலும் எழுத்தில் அது பிழை.

9. ஒரே தொடரை எல்லா வடிவங்களிலும் ஓட்டிப் பார்ப்பது

தனித்தனிப் பயிற்சிகளைவிட, ஒரு தொடரை எடுத்து வினையின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது இந்த விதிகளை விரைவாக நாவில் பதிய வைக்கும். ‘மரியாவுக்கு அதை (கடிதத்தை) அனுப்புவது’ என்பதை எடுத்துக்கொள்வோம். கடிதம் ஸ்பானியத்தில் பெண்பால் என்பதால் லா. மரியாவுக்கு என்பது லே, அது லாவின் முன் சே.

சே லா மாந்தோ: அனுப்புகிறேன். வினைமுற்று, எனவே முன்னால் தனியாக.

சே லா ஏ மந்தாதோ: அனுப்பியிருக்கிறேன். முடிவுற்ற வடிவத்தில் ஒட்டாது, துணைவினைக்கு முன்னால்.

கியேரோ மந்தார்-சே-லா: அனுப்ப விரும்புகிறேன். மூல வடிவத்தோடு இரண்டு ஒட்டியதால் ‘தார்’ என்ற அசையில் கோடு. சே லா கியேரோ மந்தார் என்றும் சொல்லலாம்; அப்போது கோடு இல்லை.

எஸ்தோய் மந்தாந்தோ-சே-லா: அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ‘தாந்’ என்ற அசையில் கோடு.

மாந்தா-சே-லா: அனுப்பு. முதல் அசையில் கோடு.

நோ சே லா மாந்தேஸ்: அனுப்பாதே. ஒட்டு பிரிந்து முன்னால் போகிறது.

கடைசி இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பழகுவதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் உரையாடலின் வேகத்தில் முதலில் குலைவது இந்த இணைதான். பிறகு பெறுநரை மாற்றுங்கள்: எனக்கு என்றால் மாந்தா-மே-லா, நோ மே லா மாந்தேஸ்; எங்களுக்கு என்றால் மாந்தா-நோஸ்-லா, நோ நோஸ் லா மாந்தேஸ். அடுத்துக் கடிதத்தின் இடத்தில் புத்தகங்களை வைத்து லாவை லோஸ் ஆக்குங்கள்.

எழுதியதைச் சரிபார்க்கும்போதும் இதே வரிசையில் செல்லுங்கள்: வினை ‘யாருக்கு’ என்பதை ஏற்கிறதா, வடிவம் எது, இரண்டு பிரதிப்பெயர்கள் இருந்தால் வரிசை சரியா, லே சே ஆனதா, அசை எண்ணிக் கோடு இட்டீர்களா. கோட்டை முதலில் சரிபார்க்கத் தொடங்கினால், பிறகு பிரதிப்பெயரின் இடத்தை மாற்றும்போது அதை மறுபடியும் எண்ண வேண்டியிருக்கும்.